விளம்பி வருஷத்துக் காசு

அக்டோபர் 9, திங்கள்

டாக்டரம்மா இன்றைக்கும் திட்டினார். ரத்தக்கொதிப்பு நூற்று எழுபது. "கோவம் வந்தா வாயால கொட்டாதீங்க, ஒரு நோட்டுல எழுதுங்க, ஆறிப்போயிரும்" என்றார். ஆறிப்போக வேண்டும் என்று எனக்கு ஒன்றும் ஆசையில்லை. இருந்தாலும் இரண்டு மாத்திரைக்கு இது மேல் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கோபத்துக்குக் காரணம் எதிர்க்கடைப் பேச்சிமுத்து. ஆவணியில்தான் கடை திறந்தான். சேவுக் கடை. சாத்தூரில் சேவுக் கடை வைக்காதே என்று யாரிடமும் நான் சொல்ல முடியாது, ஊரே அதில்தான் சாப்பிடுகிறது. ஆனால் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா? "அசல் சங்கரலிங்க விலாஸ். 1898 முதல்." சங்கரலிங்க விலாஸ் என்பது எங்கள் கடை. சங்கரலிங்கம் என் வீட்டுக்காரருடைய தாத்தா. இந்தப் பெயருக்குக் கீழே உட்கார்ந்து நாற்பது வருஷமாகப் பூண்டு உரித்திருக்கிறேன், எண்ணெய்ப் புகையில் கண்ணைக் கெடுத்திருக்கிறேன். நேற்று முளைத்தவன் அசலாம், நான் போலியாம்.

கேட்கப் போனேன். கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு வெள்ளிக் காசு மாட்டி வைத்திருக்கிறான். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணைப் பறிக்கிறது. நடுவில் ஒரு தலை, சுற்றிலும் "சங்கரலிங்க விலாஸ், சாத்தூர், விளம்பி வருஷம் ஆவணி மாதம்" என்று எழுத்து.

"விளம்பின்னா ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்தி எட்டு மதினி. பஞ்சாங்கக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் போர்டு எழுதினேன். கடை ஆரம்பிச்ச வருஷம். தாத்தா எங்க ஆச்சி கையில குடுத்த காசு" என்றான்.

"யாருக்கு யாருடா மதினி? உனக்கு யாருடா அண்ணன்?" என்று கேட்டுவிட்டு வந்தேன். இவனுடைய ஆச்சி பொன்னம்மாள் எங்கள் வீட்டில் சமையலுக்கு இருந்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் கேட்ட கதை அதுதான்.

அக்டோபர் 12, வியாழன்

வியாபாரிகள் சங்கத்தில் மனு கொடுத்தேன். செயலாளர் சிதம்பரபாண்டி அண்ணாச்சி இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"ஒரு தெருவுல ஒரே பேர்ல ரெண்டு கடை இருந்தா வெளியூர்க்காரன் என்னம்மா செய்வான்? தீவாளி ஏவாரம் முடியட்டும். நவம்பர் இருபத்தாறு, ஞாயித்துக்கெழம சங்கத்துல கூடுவோம். எது மூத்த கடையோ அதுக்குப் பேரு. மத்தவங்க போர்டை எறக்கிரணும். ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

சம்மதம் என்றேன். பேச்சிமுத்தும் தலையாட்டினான். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் கோமதிநாயகத்திடம் சொன்னால் அவர் முகம் சுண்டிப் போய்விட்டது. "அந்தக் காசை எதுக்குக் கெளறுற? சும்மா விடு" என்கிறார். சொந்தத் தாத்தா பெயரை எவனோ கொண்டுபோகிறான், இவருக்குச் சும்மா விடவேண்டுமாம். உப்புப் போட்டுத்தான் சோறு பொங்குகிறேன், எங்கே போகிறதோ தெரியவில்லை.

அக்டோபர் 14, சனி

அறுபது கிலோ ஆர்டர். மிளகுச் சேவு மட்டும். கை வீங்கிவிட்டது. எழுத முடியாது.

அக்டோபர் 17, செவ்வாய்

பிடித்துவிட்டேன்.

மகள் போன் செய்தாள். பேரனுக்குக் காது குத்த நாள் பார்க்க வேண்டும், ஜாதகத்தைத் தேடி ஜோசியரிடம் காட்டு என்றாள். எடுத்துப் பார்த்தால் முதல் வரியிலேயே "விளம்பி வருஷம் ஆவணி மாதம்" என்று இருக்கிறது. அவன் 2018-ல் பிறந்தவன். அட, இது தெரியாமல் போனதே. தமிழ் வருஷத்துக்குப் பெயர் அறுபதுதானே? சுற்றிச் சுற்றி வரும். விளம்பி 1898-லும் வந்தது, 1958-லும் வந்தது, 2018-லும் வந்தது. பஞ்சாங்கக்காரரும் பேச்சிமுத்தும் இருப்பதில் பெரிய கிழவனாகப் பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேரே போய் அவன் கடைவாசலில் நின்றேன். நாலு பேர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். "என் பேரன் பொறந்ததும் விளம்பிதான்டா. அவனுக்கு அஞ்சு வயசு. உன் காசுக்கும் அஞ்சு வயசுதான். எந்தத் தட்டார் கடையில அடிச்ச?" என்று கேட்டேன்.

அவன் முகம் கறுத்துவிட்டது. "என்ன வேணும்னாலும் சொல்லுங்க மதினி, அதைச் சொல்லாதீக. எங்க ஆச்சி சாகுறப்ப மடியில முடிஞ்சு வச்சிருந்த காசு. எங்க அப்பா வெல்வெட்டுத் துணியில ஒட்டிச் சட்டம் போட்டாரு. அவரும் போயிட்டாரு. எங்கப்பா ரயில்ல கூடை தூக்கி வித்த காலத்துல, சோத்துக்கு இல்லாதப்பக்கூட இதை விக்கல" என்றான்.

நன்றாக நடிக்கிறான்.

அக்டோபர் 22, ஞாயிறு

நாளை ஆயுத பூஜை. கடையையும் வீட்டையும் ஒழித்துக் கழுவினோம். மாமனாருடைய இரும்புப் பெட்டியை அவர் செத்த பிறகு யாரும் திறந்ததில்லை. சாவி துருவேறிப் போயிருந்தது, தேங்காய் எண்ணெய் விட்டுத் திறந்தேன். பழைய பத்திரங்கள், ஒரு கைக்கடிகாரம், அடியில் ஒரு சுருக்குப் பை.

பைக்குள் அதே காசு. அச்சு அசல் அதே. ஆனால் யாரும் தேய்க்காததால் கன்னங்கரேலென்று இருக்கிறது. எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த பெட்டி. ஆக 2018 இல்லை. சரி, அதற்காக அவனிடம் போய் மன்னிப்பா கேட்க முடியும்?

பின்பக்கம் திருப்பினேன். "சங்கரலிங்கம்" என்று மேலே இருக்கிறது. அதற்குக் கீழே இருந்ததையெல்லாம் யாரோ கீறி வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் விளையாடியிருக்கும்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். குளித்துவிட்டு வந்தவர் துண்டோடு நின்று பார்த்தார். "எடுத்த எடத்துல வை, செம்பகம்" என்றார். அவ்வளவுதான், சாப்பிடாமல் வெளியே போய்விட்டார். வைக்கவில்லை. என் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 26, வியாழன்

கடையை வேலையாட்களிடம் விட்டுவிட்டு மதுரைக்குப் போய் வந்தேன். பழைய காசு வாங்கி விற்கிற சையது இப்ராஹிம் என்று ஒருவர், ஒரு மாடியில் இருக்கிறார். வெடுக்வெடுக்கென்று பேசுகிறார். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

பேச்சிமுத்துவின் காசைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், முதலில் அதைக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். "புளி போட்டுத் தேச்சுட்டானா? மூக்கும் முழியும் அழிஞ்சு போச்சே. காசு கறுத்திருந்தாத்தாம்மா மதிப்பு. வெளக்கினா வெள்ளி வெலைதான்." பிறகு என் காசைக் கையில் வாங்கிப் பூதக்கண்ணாடியை வைத்தார். சிரித்தார்.

"தலையில என்ன இருக்கு பாருங்க."

பார்த்தேன். தேய்ந்த காசில் வழுக்கைத் தலை மாதிரித் தெரிந்தது இதில் தெளிவாக இருந்தது. காந்தி குல்லாய்.

"ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்தெட்டுல காந்தியே இந்தக் குல்லா போடலம்மா. இது அம்பத்தெட்டு" என்றார்.

எனக்கு எழுந்து ஆடவேண்டும்போல இருந்தது. அவர் இன்னும் சொன்னார். இந்த மாதிரி விசேஷத்துக்கு அடிக்கிற காசில் இருக்கிற வருஷம் எதைக் கொண்டாடுகிறார்களோ அதன் வருஷம், அதை வைத்துக் காசுக்கோ கடைக்கோ வயசு சொல்லக் கூடாதாம். நூற்றாண்டு விழாவுக்கு அடித்த காசில் செத்துப்போனவர் பிறந்த வருஷம் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு நூறு வருஷத்துக் காசு என்று ஏமாந்து அவரிடம் வருகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராம். தமிழ் வருஷம் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், அறுபது அறுபதாக ஏமாறலாம்.

அப்புறம் பின்பக்கத்தைத் திருப்பினார். வெகு நேரம் பார்த்தார்.

"கடைசி வார்த்தை 'கல்யாணம்'. பாதி தப்பிச்சிருக்கு. அறுபதாங் கல்யாணத்துக்கு அடிச்ச காசும்மா. பொறந்தது விளம்பி, அறுபது சுத்தி அதே விளம்பி வந்ததும் மணவறையில ஒக்காந்திருக்காரு. புருசன் பேரு நல்லா இருக்கு. பக்கத்துல பொண்டாட்டி பேரைத்தான் காணோம்."

"பிள்ளைங்க வெளையாட்டு" என்றேன்.

"ஆணி. அழுத்தி, நின்னு நிதானமாக் கீறியிருக்கு. பிள்ளைங்களுக்கு இம்புட்டுக் கோவம் வராது." காசைத் திருப்பிக் கொடுத்தார். "கீறலைன்னா நானே நல்ல வெலைக்கு எடுத்துக்குவேன். இப்ப வெள்ளி எடைக்குத்தான் போகும்."

வள்ளியம்மை என்றுதான் இருந்திருக்கும். என் வீட்டுக்காரருடைய அப்பாவைப் பெற்ற ஆச்சி பெயர் அதுதான். விளம்பியில் பிறந்த மனிதர் அதே விளம்பியில் தொட்டிலில் படுத்துக்கொண்டா சேவு பிழிந்தார்? இதைச் சங்கத்தில் கேட்கப்போகிறேன். பஸ்ஸில் வரும்போதே நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 27, வெள்ளி

வெள்ளிக்கிழமை. படங்களுக்குப் பூ வைத்தேன். வள்ளியம்மை ஆச்சி படத்தைத் துடைத்தேன். தினமும் பார்க்கிற படம்தான். கீழே "தோற்றம், மறைவு" என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. மறைவு 1941.

கடலை மாவு இரண்டு மூட்டை வந்தது. ஒன்றில் வண்டு, திருப்பி அனுப்பினேன். தலைவலி.

நவம்பர் 2, வியாழன்

தீபாவளி ஆர்டர் மலை மாதிரி குவிகிறது. பேச்சிமுத்து கடையிலும் கூட்டம். அவன் பெண்டாட்டி இடுப்பில் குழந்தையோடு பொட்டலம் கட்டுகிறாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நவம்பர் 13, திங்கள்

தீபாவளி முடிந்தது. கடைக்கு விடுமுறை. வீட்டுக்காரர் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் நிம்மதியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசைக் கொண்டுபோய்ப் பேப்பர் மேல் வைத்தேன்.

"நாப்பத்தொண்ணுல செத்தவுக அம்பத்தெட்டுல எப்படிங்க மணவறையில ஒக்காந்தாக?"

காசைத் தள்ளி வைத்தார்.

"யாருங்க ஒக்காந்தது?"

"அவ சமையக்காரி" என்றார்.

"சமையக்காரியைப் பக்கத்துல ஒக்காரவச்சுத்தான் தாலி கட்டுனாராக்கும்? அதை வெள்ளியில வேற அடிச்சு ஊருக்குக் குடுத்தாராக்கும்?"

பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். தாத்தா இறந்தபோது இவருக்கு எட்டு வயசு. பதினாறாம் நாள் முடிந்ததும் இவர் அப்பா வீட்டில் இருந்த காசுகளை எல்லாம் சேர்த்து உருக்கக் கொடுத்துவிட்டார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அடுப்படியில் உட்கார்ந்து ஆணியால் கீறினார். தாத்தா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்த பொன்னம்மாளும் அவள் மகனும் வாசலில் மூட்டையோடு நின்றிருந்தார்கள். "இப்ப நீ யாரு, சொல்லு" என்று அதை அவள் முகத்துக்கு நேரே காட்டினாராம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது என்னவென்றே அவளுக்குப் புரியவில்லை.

"நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

நாற்பது வருஷமாக இந்த மனிதரோடு குடித்தனம் செய்கிறேன். அந்தச் சமையல்காரி கதையை என் மகளுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கண்ணில் விரலை விட்டு ஆட்டியிருக்கிறார்கள், நானும் ஆடியிருக்கிறேன். இன்றைக்கு ரத்தக்கொதிப்பைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் மிஷின் உடைந்துவிடும்.

நவம்பர் 14, செவ்வாய்

சமைக்கவில்லை. சமையல்காரி லீவு என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 20, திங்கள்

யோசித்துப் பார்த்தேன். பேச்சிமுத்துவுக்கு அவன் காசின் பின்பக்கம் தெரியாது. வெல்வெட்டில் ஒட்டியிருக்கிறது. அவன் 1898 என்ற ஒரு எண்ணைக் கட்டிக்கொண்டு தொங்குகிறான், அது பொய். 1958 என்று ஒப்புக்கொண்டால் கடைக்கு வயசு குறையும், ஆனால் அவனுடைய ஆச்சிக்குத் தாலி கிடைக்கும். அவன் எங்களுக்குச் சமமான பங்காளியாகிவிடுவான். அப்புறம் பெயரை இறக்கு என்று நான் எந்த முகத்தோடு சொல்ல முடியும்?

குல்லாயை மட்டும் பேசினால் போதும். அதுவும் உண்மைதானே. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், கேட்காததற்கு ஏன் சொல்ல வேண்டும்? எனக்கும் வயிறு இருக்கிறது. ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன்.

பூண்டு விலை ஏறிவிட்டது.

நவம்பர் 25, சனி

நாளைக்குக் குல்லாய். குல்லாய் மட்டும்.

நவம்பர் 26, ஞாயிறு

சங்கத்தில் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வேறு வேலை இல்லை ஊரில். பேச்சிமுத்து சட்டத்தோடு காசைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். நான் என் கறுத்த காசை முன்பக்கம் மேலே தெரிய வைத்தேன்.

நினைத்ததை நினைத்தபடியே பேசினேன். பேரன் ஜாதகம், அறுபது வருஷச் சுற்று, தாத்தா பிறந்த வருஷம், குல்லாய். "தொட்டில்ல கெடந்த பச்சப்பிள்ளை சேவு புழிஞ்சுச்சா, அண்ணாச்சி? அதுவும் காந்தி குல்லா போட்டுக்கிட்டு?" என்று கேட்டதும் சபையே சிரித்தது. காசு கைமாறிக் கைமாறிப் போனது. எல்லோரும் குல்லாயைப் பார்த்தார்கள். யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

பேச்சிமுத்து என் காசை வாங்கி அந்தக் குல்லாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரியாது அண்ணாச்சி. பஞ்சாங்கத்துல சொன்னதை நம்பிட்டேன்" என்றான். சிதம்பரபாண்டி அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "அப்பொ பேரு செம்பகம் கடைக்குத்தான். தம்பி, ஒரு மாசத்துல போர்டை எறக்கிரு" என்றார்.

"எறக்கிடுறேன்" என்றான். சட்டத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். போகிறவன் என் வீட்டுக்காரர் முன்னால் நின்றான். "அண்ணே, போர்டு போகட்டும். எங்க ஆச்சி உங்க வீட்டுல யாரு? அதை மட்டும் சபையில சொல்லிருங்க. எம்பிள்ளைக்கு நான் ஒரு பதில் சொல்லணும்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"சமையலுக்கு இருந்தவ."

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. எட்டு வயசில் பார்த்துக்கொண்டு நின்றதைச் சரி, சின்னப் பிள்ளை என்று விடலாம். அறுபத்து மூன்று வயசில், முப்பது பேர் நடுவில், அடுப்படியும் ஆணியும் தெரிந்த மனிதர், அந்த வாயால் சொல்கிறார். அவருக்காக வெட்கப்பட்டேன். அதைவிட, குல்லாயை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்திருந்த எனக்காக வெட்கப்பட்டேன்.

"அண்ணாச்சி, இன்னும் முடியல" என்றேன். "காசுக்கு ரெண்டு பக்கம். ஒரு பக்கத்தைப் பாத்துத் தீர்ப்புச் சொல்லிட்டீக. ஸ்குரூ டிரைவர் கொண்டாங்க."

"செம்பகம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க பேசாதீங்க. பேசினது போதும்."

பேச்சிமுத்துவிடமிருந்து சட்டத்தைப் பிடுங்கினேன். "உடைச்சிராதீக மதினி" என்றான். அண்ணாச்சிதான் திருகாணிகளைக் கழற்றினார். வெல்வெட்டிலிருந்து காசு இலேசில் வரவில்லை, பிசின் இறுகிப் போயிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் தொட்டுத் தொட்டு எடுத்தோம். முன்பக்கம் புளியில் அழிந்து போயிருந்தது, ஆனால் ஒட்டி வைத்த நாளிலிருந்து பின்பக்கத்தில் ஒரு விரல்கூடப் பட்டதில்லை. அடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

"படி" என்று பேச்சிமுத்துவிடம் கொடுத்தேன்.

"சங்கரலிங்கம், பொன்னம்மாள்" என்று படித்தான். நிறுத்தினான். "அறுபதாங் கல்யாணம்."

காசை வைத்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். நான் என் காசைத் திருப்பி அதன் பக்கத்தில் வைத்தேன். "எங்க வீட்டுக் காசுலயும் இதுதான் இருந்துச்சு. எங்க மாமனார் கீறிட்டாரு. அவரு மகன் இப்ப வாயால கீறிட்டாரு" என்றேன். என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனார்.

அண்ணாச்சிக்கு எரிச்சல். "என்னம்மா, செயிச்ச கேஸை நீயே கலைச்சுட்டியே. இப்ப நான் என்ன சொல்ல?"

"இவனும் எங்க வீட்டுக்காரரும் சங்கரலிங்கத் தாத்தா பேரப்பிள்ளைக. பேரு ரெண்டு கடைக்கும் இருக்கட்டும். அந்த ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்தெட்டை மட்டும் அழிக்கச் சொல்லுங்க. பொய்யி. எனக்குப் பாக்கப் பாக்க எரியிது" என்றேன். பெயிண்டுக்காரன் செலவை அவனே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன்.

டிசம்பர் 1, வெள்ளி

வீட்டுக்காரர் பேசுவதில்லை. சாப்பிடுகிறார். நானும் கேட்கவில்லை.

பேச்சிமுத்து "1898 முதல்" என்பதை வெள்ளையடித்து மறைத்துவிட்டான். "அசல்" அப்படியே இருக்கிறது. போய்க் கேட்டேன். "நீங்களும் போட்டுக்கோங்க மதினி" என்கிறான். கொழுப்பு. காசைப் புதுச் சட்டத்தில் மாட்டியிருக்கிறான், பின்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. அவன் பெண்டாட்டி சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்து வைத்தேன்.

டிசம்பர் 4, திங்கள்

நானும் என் காசைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். கீறின பக்கம் வெளியே. வீட்டுக்காரர் இத்தனை நாள் கழித்து வாயைத் திறந்தார். "திருப்பியாவது மாட்டு" என்றார். மாட்ட மாட்டேன் என்றேன். இருக்கிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே பணம் எண்ணட்டும்.

சாயங்காலம் சிவகாசிக்காரர் ஒருவர் அரைக் கிலோ வாங்க வந்தவர், அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, சங்கரலிங்கம்னு இருக்கு, கீழ ஒரே கீறலா இருக்கு. பேரு ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு" என்றேன். "எதிர்க்கடையில போய்ப் படிச்சிட்டு வாங்க."